பலரிடமிருந்து பைல்களைச் சேகரிப்பது எப்படி?

கம்ப்யூட்டர் வாங்கிய சில மாதங்களிலேயே நம்மைத் தேடி ஒரு வேலை வந்துவிடும். "உங்கள் வீட்டில்தான் கம்ப்யூட்டர் இருக்கிறதே, நீங்களே எல்லாரிடமும் வாங்கித் தொகுத்து விடுங்கள்" என்பார்கள். கோயில் கும்பாபிஷேக மலர், அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கக் கணக்கு, தாத்தாவின் சதாபிஷேக ஆல்பம் என்று எதுவாகவும் இருக்கலாம். எனக்கு வந்தது பள்ளி முன்னாள் மாணவர் சந்திப்புக்கான மலர். மொத்தம் 68 பேர். ஒவ்வொருவரும் பள்ளிக் காலப் போட்டோ, இப்போதைய போட்டோ, ஒரு பக்கக் கட்டுரை ஆகியவற்றை அனுப்ப வேண்டும். விடுதியில் தங்க இருந்த 23 பேரிடம் அடையாள அட்டை நகலும் தேவைப்பட்டது.

நம்மிடம் உள்ள பைலைப் பிறருக்கு அனுப்புவது எல்லாருக்கும் தெரியும். பிறரிடம் உள்ள பைல்களை நாம் பெறுவது வேறு வேலை. அனுப்புபவர்கள் பலர். சிலரிடம் மொபைல் போன் மட்டும்தான் இருக்கும். சிலருக்கு இமெயில் பாஸ்வேர்ட் நினைவிருக்காது. வருகிற பைல்களின் பொறுப்போ நம்முடையது. கிளவுட் ஸ்டோரேஜ் மூலம் இந்த வேலையை எப்படிச் சிக்கலின்றிச் செய்வது என்று இங்கு பார்க்கலாம்.

இமெயிலும் வாட்ஸ்அப்பும் ஏன் போதாது?

முதலில் நினைவுக்கு வருவது இமெயில்தான். ஜிமெயிலில் ஒரு மெயிலுடன் 25 எம்.பி. வரைதான் அட்டாச் செய்ய முடியும். நல்ல மொபைல் கேமராவில் எடுத்த போட்டோக்கள் ஐந்தாறு சேர்ந்தாலே இந்த எல்லையை நெருங்கி விடும். 68 பேரிடமிருந்து வரும் மெயில்களைத் திறந்து, அட்டாச்மென்ட்களை ஒவ்வொன்றாக டவுண்லோட் செய்து, யாருடையது எது என்று பெயர் மாற்றி வைப்பதற்குள் பாதி மாதம் போய்விடும்.

அடுத்தது வாட்ஸ்அப். இது எல்லாரிடமும் இருக்கிறது. ஆனால் போட்டோவைச் சாதாரண முறையில் அனுப்பினால், வேகமாகச் செல்வதற்காக அதன் அளவு சுருக்கப்படுகிறது. போன் திரையில் இந்த வேறுபாடு தெரியாது, அச்சில்தான் தெரியும். நல்ல அச்சுக்கு ஓர் அங்குலத்திற்கு 300 பிக்ஸல் என்பது வழக்கமான கணக்கு. ஏ4 தாளின் அகலம் 8.27 அங்குலம், அதாவது முழுப் பக்கத்திற்கு ஏறத்தாழ 2480 பிக்ஸல் அகலம் வேண்டும். சுருங்கி வந்த போட்டோவை இந்த அளவுக்கு இழுத்தால் முகங்கள் மங்கலாகி விடும். "டாக்குமெண்ட்" ஆக அனுப்பினால் சுருங்காது என்பது உண்மைதான். ஆனால் 68 பேருக்கும் அதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். வந்த பைல்கள் அரட்டைகளுக்கும் காலை வணக்கங்களுக்கும் நடுவே சிதறிக் கிடக்கும்.

இதற்குத் தீர்வுதான் கிளவுட் ஸ்டோரேஜ். பெயரைக் கண்டு மிரள வேண்டாம். இணையம் வழியாக நாம் பயன்படுத்தும், ஒரு நிறுவனத்தின் இடத்தில் இருக்கிற ஹார்ட் டிஸ்க் என்று எடுத்துக் கொள்ளுங்கள். டிராப்பாக்ஸ் 2008-லும் கூகுள் டிரைவ் 2012-லும் மக்களின் பயன்பாட்டிற்கு வந்தன. மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் ஒன் டிரைவும் இதே வகைதான்.

திறந்த பெட்டியா, உண்டியலா?

இங்குதான் புதியவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். கிளவுடில் பிறருடைய பைல்களைப் பெற இரண்டு வகை வழிகள் உள்ளன. பார்ப்பதற்கு இரண்டும் ஒன்று போலவே இருக்கும். இரண்டிலும் ஒரு லிங்க்கை அனுப்புவோம், அவர்கள் கிளிக் செய்து பைலைப் போடுவார்கள். ஆனால் இரண்டின் தன்மையும் வேறு.

முதல் வகை, ஷேர் செய்யப்பட்ட போல்டர். இதைக் கூடத்தின் நடுவே வைத்த திறந்த பெட்டி எனலாம். வருபவர் பொருளைப் போடலாம். அதே கையால் உள்ளே இருப்பதைப் பார்க்கலாம், எடுக்கலாம், இடம் மாற்றவும் செய்யலாம்.

இரண்டாவது வகை, பைல் கேட்புப் பக்கம். இது கோயில் உண்டியல் போன்றது. யார் வேண்டுமானாலும் போடலாம். உள்ளே என்ன இருக்கிறது என்று போட்டவருக்கும் தெரியாது, அடுத்து வருபவருக்கும் தெரியாது. சாவி வைத்திருப்பவர் மட்டுமே திறந்து பார்க்க முடியும்.

இந்த உண்டியல் யோசனை புதிதல்ல. இணையத்தின் ஆரம்ப நாட்களில் எப்.டி.பி. சர்வர்களில் "இன்கமிங்" என்ற பெயரில் ஒரு போல்டர் வைப்பார்கள். வெளியார் அதில் பைலைப் போடலாம், ஆனால் உள்ளே இருப்பதைப் பார்க்க முடியாதபடி பல இடங்களில் அமைத்திருப்பார்கள். பார்க்கவும் அனுமதித்தால், முன்பின் தெரியாதவர்கள் தங்களுக்குள் திருட்டு சாப்ட்வேர் பரிமாறிக் கொள்ள அந்த இடத்தைப் பயன்படுத்தினார்கள் என்பதே காரணம். டிராப்பாக்ஸ் 2015-ல் "பைல் ரிக்வெஸ்ட்" என்ற வசதியைத் தந்தபோது, சர்வர் நிர்வாகிகளிடம் மட்டும் இருந்த இந்த உண்டியல் நம் போன்ற வீட்டு உபயோகிப்பாளர் கைக்கும் வந்தது.

ஆகவே, எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் மூன்று கேள்விகளைக் கேட்டுக் கொள்ளுங்கள். ஒன்று, வரும் பைல்களை யார் யார் பார்க்கலாம்? இரண்டு, யாரால் அவற்றை நீக்க முடியும்? மூன்று, அவை யாருடைய இடத்தில் சேமிக்கப்படும்?

ஷேர் செய்த போல்டரில் உள்ள சிக்கல்

கூகுள் டிரைவில் ஒரு போல்டரை உருவாக்கி, அதன் மீது ரைட் கிளிக் செய்து, "ஷேர்" தேர்ந்தெடுத்து, "லிங்க் உள்ள எவரும்" என்ற நிலைக்கு மாற்றி, "எடிட்டர்" உரிமை தருவதே பலரும் செய்வது. சுலபமான வழிதான். ஆனால் மேலே கேட்ட கேள்விகளை இதற்குப் போட்டுப் பாருங்கள்.

யார் பார்க்கலாம்? லிங்க் கிடைத்த எல்லாரும். உறுப்பினர் ஒருவர் அதை வேறொரு குழுவிற்கு பார்வர்ட் செய்தால் அந்தக் குழுவும் பார்க்கும்.

யாரால் நீக்க முடியும்? எடிட்டர் உரிமை உள்ள எவராலும் பிறருடைய பைலை அந்தப் போல்டரிலிருந்து அகற்ற முடியும். கெட்ட எண்ணம் தேவையில்லை. போன் திரையில் விரல் தவறிப் பட்டாலே போதும்.

யாருடைய இடம்? இதுதான் பலரும் அறியாதது. கூகுள் டிரைவில் உங்கள் போல்டருக்குள் இன்னொருவர் தன் கணக்கிலிருந்து பைலைப் போட்டால், அந்தப் பைலின் உரிமையாளர் அவர்தான். அவருடைய 15 ஜி.பி. இலவச இடத்தில்தான் அது சேமிக்கப்படும். இந்த 15 ஜி.பி. என்பது ஜிமெயில், டிரைவ், கூகுள் போட்டோஸ் மூன்றுக்கும் பொதுவானது.

இப்படி ஒரு நிலையை எண்ணிப் பாருங்கள். உங்கள் மைத்துனர் கல்யாணப் போட்டோக்கள் 200-ஐ உங்கள் போல்டரில் போட்டுவிட்டார். நீங்களும் நிம்மதியாக இருக்கிறீர்கள். மூன்று மாதம் கழித்து அவருடைய ஜிமெயிலில் "இடம் நிரம்பிவிட்டது" என்று எச்சரிக்கை வருகிறது. அவர் டிரைவில் பெரிய பைல்களைத் தேடி நீக்குகிறார். அவர் நீக்குவது உங்கள் போல்டரில் இருக்கும் அந்த 200 போட்டோக்களைத்தான். "டிராஷ்" பகுதியில் 30 நாட்கள் இருக்கும், பிறகு நிரந்தரமாகப் போய்விடும். நீங்கள் போல்டரைத் திறந்து பார்க்கும் நாள் 31-வது நாளாக இருந்தால் ஒன்றும் செய்ய இயலாது. இருவர் மீதும் தவறில்லை. அவர் தன் பைலை நீக்கினார், நீங்கள் அது உங்களுடையது என்று எண்ணியிருந்தீர்கள்.

எனவே ஷேர் செய்த போல்டரை, நான்கைந்து பேர் ஒரே வேலையைச் சேர்ந்து செய்யும்போது மட்டும் பயன்படுத்துங்கள். மலரின் பக்கங்களைச் சரிபார்க்க நாங்கள் நால்வர் அப்படித்தான் வைத்துக் கொண்டோம். 68 பேரிடமிருந்து வாங்க அது ஏற்றதல்ல.

டிராப்பாக்ஸ் பைல் ரிக்வெஸ்ட்: படிப்படியாக

போட்டோக்களையும் கட்டுரைகளையும் பெற நான் தேர்ந்தெடுத்தது இந்த வழி. பைல் அனுப்புபவருக்கு டிராப்பாக்ஸ் கணக்கு தேவையில்லை என்பது இதன் பெரிய வசதி. கணக்கு இருக்க வேண்டியது கேட்கும் நமக்கு மட்டும்தான்.

1. பிரவுசரில் டிராப்பாக்ஸ் டாட் காம் தளத்தைத் திறந்து, இமெயில் முகவரி கொடுத்து இலவசக் கணக்கு ஒன்றைத் தொடங்கவும். இலவசக் கணக்கில் 2 ஜி.பி. இடம் கிடைக்கும். பணம் செலுத்தும் திட்டங்களைப் பற்றிய பக்கம் நடுவில் வந்தால், இலவசத் திட்டமான "பேசிக்" என்பதைத் தேடிக் கிளிக் செய்திடவும்.

2. உள்ளே சென்றதும் இடது பக்க மெனுவில் "பைல் ரிக்வெஸ்ட்ஸ்" என்ற பிரிவைத் தேர்ந்தெடுக்கவும். தளத்தின் தோற்றம் அவ்வப்போது மாறும், ஆகவே இடத்தை மனப்பாடம் செய்யாமல் பெயரைத் தேடுங்கள்.

3. புதிய ரிக்வெஸ்ட் உருவாக்கும் பட்டனில் கிளிக் செய்திடவும். கிடைக்கும் கட்டத்தில் தலைப்பைத் தரவும். அனுப்புபவர் முதலில் காண்பது இதைத்தான். எனவே "பைல்கள்" என்று பொதுவாக எழுதாமல், "மலருக்கான பள்ளிக் காலப் போட்டோ" என்பது போல் தெளிவாக எழுதவும். தமிழிலேயே டைப் செய்யலாம்.

4. அதன் கீழே விளக்கத்திற்கான இடம் உள்ளது. என்ன வேண்டும், எத்தனை வேண்டும், கடைசி நாள் என்ன என்பதை இரண்டு வரிகளில் எழுதவும்.

5. வரும் பைல்கள் எந்தப் போல்டரில் சேர வேண்டும் என்பதைக் காட்டவும். ஒவ்வொரு வகைப் பைலுக்கும் தனித்தனி ரிக்வெஸ்ட் உருவாக்கினால் அவை தானாகவே தனித்தனிப் போல்டரில் சேரும். நான் பழைய போட்டோ, புதிய போட்டோ, கட்டுரை என மூன்று உருவாக்கினேன். பிறகு பிரித்து அடுக்கும் வேலை முழுதும் மிச்சமானது.

6. முடிந்ததும் ஒரு லிங்க் கிடைக்கும். அதை காப்பி செய்து வாட்ஸ்அப், இமெயில் எதில் வேண்டுமானாலும் அனுப்பலாம்.

அனுப்புபவர் லிங்க்கைத் தொட்டால் ஒரு பக்கம் திறக்கும். அதில் பைலைத் தேர்ந்தெடுத்து, தன் பெயரையும் இமெயில் முகவரியையும் தந்து அப்லோட் செய்ய வேண்டும். அவ்வளவுதான். அவர் தரும் பெயர் பைல் பெயருடன் சேர்ந்துவிடும். எனவே பத்துப் பேர் ஒரே மாதிரி எண் பெயர் கொண்ட போட்டோவை அனுப்பினாலும் எது யாருடையது என்று தெரியும். பைல் வந்ததும் நமக்கு மெயில் வரும்.

அனுப்பிய பைலை அவர் மீண்டும் பார்க்கவோ நீக்கவோ முடியாது. உண்டியலில் போட்டது போட்டதுதான். தவறான பைலை அனுப்பிவிட்டால் சரியானதை மீண்டும் அனுப்பச் சொல்லுங்கள், பழையதை நீங்கள் நீக்கிக் கொள்ளலாம்.

கடைசி நாள் முடிந்ததும் அந்த ரிக்வெஸ்ட்டை "குளோஸ்" செய்திடவும். வந்த பைல்கள் அப்படியே இருக்கும், புதியவை மட்டும் வராது. மூடாமல் விட்டால் லிங்க் சுற்றிக் கொண்டே இருக்கும், யாராவது எதையாவது போட்டு உங்கள் இடத்தை நிரப்பலாம்.

ஒன் டிரைவிலும் இதே போன்ற பைல் கேட்கும் வசதி உண்டு. ஆனால் அது அலுவலகம் மற்றும் கல்வி நிறுவனக் கணக்குகளுக்கானது.

லிங்க் அனுப்பும் முன் ஒரு கணக்கு

உண்டியலில் வரும் பைல்கள் எல்லாம் நம் இடத்தைத்தான் எடுத்துக் கொள்ளும். இடம் நிரம்பிவிட்டால் அனுப்புபவருக்கு எர்ரர் செய்திதான் வரும். ஆகவே முன்னதாகவே கணக்கிட்டுக் கொள்ள வேண்டும்.

ஒரு போட்டோ சராசரியாக 4 எம்.பி. என்று வைத்துக் கொள்வோம். 68 பேர், ஆளுக்கு 3 போட்டோ என்றால், 68 × 3 × 4 = 816 எம்.பி. இது 2 ஜி.பி.க்குள் அடங்கிவிடும். ஆனால் 20 பேர் ஆளுக்கொரு 100 எம்.பி. வீடியோ அனுப்பினால் அதுவே 2000 எம்.பி. ஆகிவிடும், போட்டோவுக்கு இடம் இருக்காது. அதனால் வீடியோ வேண்டாம் என்று விளக்கத்திலேயே எழுதிவிட்டேன். உங்களுக்கு வீடியோ தேவையென்றால், வந்தவற்றை வாரம் ஒரு முறை கம்ப்யூட்டருக்கு மாற்றி, கிளவுடில் இடத்தைக் காலி செய்து வைக்கவும்.

நேரத்தையும் கணக்கிடலாம். இணைய வேகம் மெகா பிட்டில் சொல்லப்படும், பைல் அளவு மெகா பைட்டில் இருக்கும். 8 பிட் சேர்ந்தால் 1 பைட். அப்லோட் வேகம் 10 மெகா பிட் என்றால், ஒரு வினாடிக்கு 1.25 எம்.பி. செல்லும். 300 எம்.பி. வீடியோ 240 வினாடிகள், அதாவது 4 நிமிடங்கள் எடுக்கும். கிராமப்புற சிக்னலில் இன்னும் கூடுதலாகும். "அப்லோட் முடியும் வரை பக்கத்தை மூட வேண்டாம்" என்று ஒரு வரி சேர்த்தால் பாதித் தொலைபேசி அழைப்புகள் குறையும்.

அடையாள அட்டை நகல்களுக்கு கூகுள் பார்ம்ஸ்

விடுதிக்கான அடையாள அட்டை நகல்களை நான் போட்டோக்களுடன் சேர்க்கவில்லை. மலர் வேலை செய்யும் மற்ற மூவரும் போட்டோ போல்டரைப் பார்க்க வேண்டியிருந்தது. அடையாள அட்டையை அவர்கள் பார்க்கத் தேவையில்லை. அட்டை நகல் தவறான கையில் சிக்கினால், நம்மை நம்பித் தந்தவர்தான் தொல்லைப்பட வேண்டியிருக்கும்.

இதற்கு கூகுள் பார்ம்ஸ் ஏற்றது. புதிய பார்ம் ஒன்றைத் திறந்து, பெயர், வருகிற நாள் போன்ற கேள்விகளைச் சேர்க்கவும். பிறகு ஒரு கேள்வியின் வகையை "பைல் அப்லோட்" என மாற்றவும். எந்த வகைப் பைல், எத்தனை பைல், அதிகபட்ச அளவு என்ன என்பதை அங்கேயே வரையறுக்கலாம். நான் பிடிஎப் மற்றும் படம் மட்டும், ஒரே பைல், 10 எம்.பி.க்குள் என்று வைத்தேன். பிறகு பார்மை "பப்ளிஷ்" செய்து லிங்க்கை காப்பி செய்து கொள்ளலாம்.

இதில் பைல் போடுபவர் தன் கூகுள் கணக்கில் நுழைந்திருக்க வேண்டும். சிலருக்கு இது தடையாகத் தோன்றலாம். ஆனால் ஆண்ட்ராய்ட் போன் வைத்திருப்பவர்களிடம் பெரும்பாலும் கூகுள் கணக்கு இருக்கும். போட்டவர் யார் என்று தெரிவதும் இங்கு நன்மைதான். பைல்கள் பார்ம் உரிமையாளரின் டிரைவில் தனிப் போல்டரில் சேரும், பிற உறுப்பினர்கள் பார்க்க முடியாது. பதில்களை ஒரு ஷீட்டில் பட்டியலாகவும் பெறலாம்.

ஆதார் நகல் கேட்க வேண்டியிருந்தால், "மாஸ்க்டு ஆதார்" போதுமா என்று விடுதியில் முதலில் கேட்டுக் கொள்ளுங்கள். ஆதார் ஆணையத்தின் தளத்திலிருந்தே இதை டவுண்லோட் செய்யலாம். எண்ணின் கடைசி 4 இலக்கங்கள் மட்டும் தெரியும், மற்றவை மறைக்கப்பட்டிருக்கும்.

பெரியவர்களுக்கு எப்படி எழுதுவது?

தொழில்நுட்பம் சரியாக இருந்தாலும் செய்தி சரியாக இல்லாவிட்டால் பைல் வராது. "லிங்க் பார்த்து அப்லோட் பண்ணவும்" என்று மொட்டையாக அனுப்பினால், எச்சரிக்கையானவர்கள் தொடவே மாட்டார்கள். அவர்கள் செய்வது சரிதான். எங்கள் ஆசிரியர்களுக்கு நான் அனுப்பியது இது:

"ஐயா, வணக்கம். நேற்று போனில் பேசியபடி மலருக்கான தங்கள் போட்டோவை அனுப்ப இந்த லிங்க். தொட்டால் டிராப்பாக்ஸ் பக்கம் திறக்கும். தங்கள் பெயரும் இமெயில் முகவரியும் மட்டும் கேட்கும். பாஸ்வேர்ட், ஓ.டி.பி. எதையும் தர வேண்டாம். அப்படி ஏதாவது கேட்டால் பக்கத்தை மூடிவிட்டு என்னை அழையுங்கள். சிரமமாக இருந்தால் விட்டுவிடுங்கள், நானே நேரில் வந்து ஸ்கேன் செய்து கொள்கிறேன்."

இதில் இரண்டு விஷயங்கள் உள்ளன. முதலில் போனில் பேசிவிட்டு, பிறகு லிங்க் அனுப்பினேன். இரண்டாவது, அந்தப் பக்கம் எதைக் கேட்கும், எதைக் கேட்காது என்று முன்கூட்டியே சொன்னேன். டிராப்பாக்ஸ் பக்கம் போலவே தோற்றம் கொண்ட போலிப் பக்கங்களை உருவாக்கி, இமெயில் பாஸ்வேர்டைத் திருடுபவர்கள் இருக்கிறார்கள். உங்களுக்கே இப்படி ஒரு லிங்க் வந்தால், முகவரிக் கட்டத்தில் தளத்தின் பெயர் சரியாக உள்ளதா என்று பார்த்துவிட்டுத் தொடருங்கள்.

கடைசி வரியும் முக்கியம். பழைய போட்டோ ஒரு வீட்டில் ஒரே பிரதியாக இருக்கும். அதை மொபைலில் சாய்வாக எடுத்து அனுப்புவதைவிட நாமே சென்று ஸ்கேன் செய்வது நல்லது. 3.5 × 5 அங்குலப் போட்டோவை 600 டி.பி.ஐ. அளவில் ஸ்கேன் செய்தால் 2100 × 3000 பிக்ஸல் கிடைக்கும். பெரிதாக்கி அச்சிட இது போதும். சென்ற வீடுகளில் போட்டோவின் பின்புறம் எழுதியிருந்த பெயர்களையும் ஸ்கேன் செய்து கொண்டேன். இன்று இல்லாத சிலரின் பெயர்கள் அங்குதான் கிடைத்தன.

பைல்கள் வந்த பின்

உண்டியலில் யார் வேண்டுமானாலும் போடலாம் என்பதால், வந்ததையெல்லாம் டபுள் கிளிக் செய்து திறக்கக் கூடாது. அனுப்பியவர் நண்பராக இருந்தாலும் அவர் கம்ப்யூட்டரில் வைரஸ் இருக்கலாம்.

முதல் வேலையாக, விண்டோஸில் பைலின் துணைப் பெயர் தெரியும்படி செய்திடவும். துணைப் பெயர் என்பது பைல் பெயரின் இறுதியில் புள்ளிக்குப் பின் வருவது, பைல் எந்த வகை என்று அது காட்டும். விண்டோஸ் சாதாரணமாக இதை மறைத்து வைத்திருக்கும். விண்டோஸ் 11-ல் பைல் எக்ஸ்புளோரரைத் திறந்து, "வியூ" கிளிக் செய்து, "ஷோ" பிரிவில் "பைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்" என்பதில் டிக் அடையாளம் ஏற்படுத்தவும். இனி, போட்டோ என்ற பெயரில் வந்த பைலின் கடைசியில் "இஎக்ஸ்இ" என்று இருந்தால் உடனே தெரிந்துவிடும். அது போட்டோ அல்ல, இயங்கக்கூடிய புரோகிராம். திறக்காமல் நீக்கிவிடுங்கள்.

அடுத்து, போல்டரை மொத்தமாக டவுண்லோட் செய்தால் ஜிப் பைலாக வரும். அதன் மீது ரைட் கிளிக் செய்து "எக்ஸ்ட்ராக்ட் ஆல்" கொடுக்கவும். பிரிந்து வந்த போல்டரில் ரைட் கிளிக் செய்து மைக்ரோசாப்ட் டிபெண்டர் மூலம் ஸ்கேன் செய்துவிட்டுத் திறக்கவும்.

ஐபோன் வைத்திருப்பவர்கள் அனுப்பும் சில போட்டோக்கள் திறக்காமல் போகலாம். 2017-ல் வந்த ஐஓஎஸ் 11 முதல் ஐபோன் போட்டோக்களை "ஹெச்இஐசி" என்ற வகையில் சேமிக்கிறது. மைக்ரோசாப்ட் ஸ்டோரில் கிடைக்கும் ஹெச்இஐஎப் எக்ஸ்டென்ஷன் இவற்றைத் திறக்க உதவும். பைல் கெட்டுவிட்டது என்று எண்ணி நீக்கிவிடாதீர்கள்.

மிக முக்கியமான ஒன்று. டிராப்பாக்ஸ் சாப்ட்வேரைக் கம்ப்யூட்டரில் நிறுவியிருந்தால், அதன் போல்டரும் கிளவுடும் ஒன்றின் நிழல் மற்றொன்று போல. இங்கு நீக்கினால் அங்கும் நீங்கும். இலவசக் கணக்கில் நீக்கியதை மீட்க 30 நாட்கள்தான் அவகாசம். ஆகவே இடத்தைக் காலி செய்யும் முன், பைல்களை டாக்குமெண்ட்ஸ் போன்ற வேறொரு போல்டருக்கும், அத்துடன் பென் டிரைவ் அல்லது வெளி ஹார்ட் டிஸ்க்குக்கும் காப்பி செய்திடவும். காப்பி ஆன பைல்களில் நான்கைந்தைத் திறந்து பார்த்து, எண்ணிக்கையைச் சரிபார்த்த பிறகே கிளவுடில் நீக்கவும்.

வாங்கியதை அழிப்பதும் நம் வேலை

சந்திப்பு முடிந்தது, மலரும் வெளிவந்தது என்றால் வேலை முடிந்ததாக எண்ணிவிடுவோம். இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. அந்த 23 அடையாள அட்டை நகல்கள் இனி யாருக்கும் பயனில்லை. ஆனால் என் கூகுள் கணக்கின் பாஸ்வேர்ட் என்றாவது திருடு போனால், அவை 23 குடும்பங்களுக்குத் தொல்லையாகிவிடும்.

அதனால் சந்திப்பு முடிந்த வாரத்தில் பார்மை மூடி, டிரைவில் அந்தப் போல்டரை நீக்கி, பிறகு "டிராஷ்" பகுதியையும் காலி செய்தேன். கம்ப்யூட்டரில் டவுண்லோட் செய்த பிரதிகளையும் ரீசைக்கிள் பின் வரை சென்று நீக்கினேன். பிறகு "உங்கள் அட்டை நகல்கள் அழிக்கப்பட்டுவிட்டன" என்று குழுவில் ஒரு வரி எழுதினேன். உங்கள் கணக்கிற்கு இரண்டடுக்குப் பாதுகாப்பு அமைக்கவில்லை என்றால், பிறர் பைல்களை வாங்கும் முன் அதையும் செய்துவிடுங்கள்.

போட்டோக்களும் கட்டுரைகளும் வேறு வகை. அவற்றை அழிக்கவில்லை. மொத்தத்தையும் ஒரு போல்டரில் அடுக்கி, கூகுள் டிரைவில் ஏற்றி, அனைவருக்கும் "வியூவர்" உரிமையுடன் லிங்க் தந்தேன். பார்க்கலாம், டவுண்லோட் செய்யலாம், நீக்க முடியாது.

சுருக்கமாக நினைவில் வைத்துக் கொள்ள: நான்கைந்து பேர் சேர்ந்து வேலை செய்ய ஷேர் செய்த போல்டர். பலரிடமிருந்து வாங்க பைல் ரிக்வெஸ்ட். யார் தந்தது என்று உறுதியாகத் தெரிய வேண்டியவற்றிற்கு கூகுள் பார்ம்ஸ். பிறகு எல்லாருக்கும் காட்ட, பார்க்க மட்டும் உரிமையுள்ள லிங்க்.

முதல் முறை செய்யும்போது, லிங்க்கை அனைவருக்கும் அனுப்பும் முன், வீட்டில் உள்ள ஒருவரின் போனுக்கு அனுப்பி ஒரு போட்டோவைப் போடச் சொல்லிப் பாருங்கள். அனுப்புபவர் காணும் பக்கம் எப்படி இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியும். பிறகு யார் போன் செய்து சந்தேகம் கேட்டாலும் பதில் சொல்வது சுலபமாக இருக்கும்.